அக்காவின் மாம்பழத்துக்கு ஒரு கோல்கீப்பர்

என் கையில் எதுவும் நிற்காது. தன்னடக்கத்துக்காகச் சொல்லவில்லை, ஊரே சாட்சி. கிரிக்கெட்டில் என்னை எந்த மூலையில் நிறுத்தினாலும் பந்து அங்கேதான் வரும்; வந்து, என் விரல்களிடம் நலம் விசாரித்துவிட்டு பவுண்டரிக்குப் போகும். சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் நான் பாயசம் பரிமாறப் போக, சம்பந்தி வீட்டார் அதை இலையில் வாங்காமல் மடியில் வாங்கினார்கள். அதிலிருந்து பந்தியில் எனக்கு உப்பு வைக்கும் வேலை மட்டும்தான்.

இப்படிப்பட்ட என்னை நம்பித்தான் ஜெயந்தி அக்கா வருஷாவருஷம் மாங்கனித் திருவிழாவுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

எங்கள் காரைக்காலில் அன்றைக்குப் பிச்சாண்டவர் கோலத்தில் சிவன் வீதியுலா வரும்போது, வேண்டிக்கொண்டவர்கள் மாடியிலிருந்து மாம்பழத்தை வீசுவார்கள். கீழே தலைகளுக்கு மேல் கைகளாக இருக்கும். பிள்ளை இல்லாதவர்கள் அந்தப் பழத்தைப் பிடித்துச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை. அக்காவுக்குக் கல்யாணமாகி வெகுநாளாகியும் குழந்தை இல்லை. விசேஷ வீடுகளில் யாராவது 'இன்னும் ஒண்ணும் இல்லையா?' என்று கேட்டால், சிரித்துவிட்டு வந்து சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவாள். தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைப்பு. மாடியில் குடியிருந்த எனக்குக் கேட்கும்.

கீழே விழுந்த பழத்தைப் பொறுக்கினால் செல்லாது என்பது அக்காவே போட்ட சட்டம். கூடப் பிறந்தவன் பிடித்தால் செல்லும் என்பது அதன் உட்பிரிவு. (சட்டம் போடும்போது கூடப் பிறந்தவனின் லட்சணத்தை மறந்துவிட்டாள்.) ஒரு வருஷம் பழம் என் மூக்கில் விழுந்தது. அடுத்த வருஷம் என் தலையில் பட்டு எகிறியதைப் பக்கத்திலிருந்த அம்மாள் முந்தானையில் வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றி தம்பி" என்று போனார். அவருக்கு இரட்டைக் குழந்தை பிறந்ததாகக் கேள்வி. அக்கா ஒரு வாரம் எனக்குக் குழம்பு ஊற்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊருக்கு பாத்ரிஸ் வந்தார்.

திருவிழாவையொட்டி எழுவர் கால்பந்துப் போட்டி. தலத்தெரு அணியின் தலைவர் சவரி அண்ணன், டைல்ஸ் கடைக்காரர், இறுதி ஆட்டத்துக்காகக் கேரளத்திலிருந்து ஒரு கோல்கீப்பரை வரவழைத்தார். சொந்த நாடு கேமரூன். டாக்கா, காத்மாண்டு, மாலத்தீவு, கல்கத்தா என்று கிளப் கிளப்பாக மாறியவர். மலப்புறத்தில் அவர் ஆடிய கிளப்போடு ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. வேறு கிளப் கிடைக்காவிட்டால் ஊர் திரும்ப வேண்டியதுதான். நல்லவேளையாக, கோழிக்கோட்டிலிருந்து ஒரு ஏஜென்ட் இந்த ஆட்டத்தைப் பார்க்க வருகிறார் என்று தகவல்.

எனக்கு ஆங்கிலம் வரும் என்று சவரி அண்ணன் நம்பியதால் (நானும் நம்பினேன்) பாத்ரிஸை என் மாடி அறையில் தங்கவைத்தார். போகும்போது என் தோளைப் பிடித்துச் சொன்னார்: "தம்பி, நாளைக்கு ஆட்டம் முடியுற வரைக்கும் அந்த ரெண்டு கையும் உன் பொறுப்பு. கதவைக்கூட அவரத் தொறக்க விடாத."

பாத்ரிஸ் தன் பெட்டியை முழுசாகப் பிரிக்கவே இல்லை. பல வருஷப் பழக்கம் என்றார். "எந்த ஊரிலும் நான் தடுத்த பந்தை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. விட்ட பந்தை மட்டும் எல்லோரும் வைத்திருக்கிறார்கள்" என்றபோது, எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அக்கா கொடுத்தனுப்பிய வஞ்சிரக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்து, நெஞ்சில் கை வைத்து, "தேங்க்யூ, சிஸ்டர்" என்றார்.

அவ்வளவுதான். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"டேய், அவரு என்னைய சிஸ்டர்னு சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரு."

"அப்ப கூடப் பிறந்தவர் கணக்குதான். நாளைக்குக் காலையில கூட்டிக்கிட்டு வா."

"அக்கா, சாயங்காலம் ஆட்டம் இருக்கு. சவரி அண்ணன் என்னக் கொன்னுடுவாரு."

"ஒரு மாம்பழம்டா. அவரு புடிக்காத பந்தா?"

எனக்கும் அது சரி என்றே பட்டது. உலகமெல்லாம் சுற்றிய கோல்கீப்பருக்கு ஒரு மாம்பழம் எந்த மூலைக்கு? திருவிழா பார்க்கப் போகலாம் என்று மட்டும் சொல்லி அழைத்துப் போனேன். என்னைவிட இரண்டு முழம் உயரமாக நின்றவரைப் பார்த்துக் கூட்டமே வழிவிட்டது. மேளச் சத்தம் நெருங்கியது. எதிர் மாடியில் ஒரு வெள்ளை வேட்டிப் பெரியவர் முதல் பழத்தை வீசினார்.

"கேட்ச்!" என்று கத்தினேன்.

எனக்குக் கால்பந்து தெரியாது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கூட்டத்துக்கு நடுவே உயரமாக வரும் பந்தை கோல்கீப்பர் பிடிக்கமாட்டானாம். குத்துவானாம். பாத்ரிஸ் எகிறி, இரண்டு கையையும் முஷ்டியாக்கிக் குத்தினார். நல்ல நீலம் பழம். நாலு கடை தள்ளி பலூன்காரரின் மூங்கிலில் போய் உடைந்து, பலூன்கள் வரிசையாக வெடித்தன.

"புடிக்கச் சொல்லுடா, புடிக்கச் சொல்லு!" என்று அக்கா என் முதுகில் குத்தினாள்.

சொன்னேன். பெரியவர் அடுத்த பழத்தை வீசினார். பாத்ரிஸ் அதை அழகாகப் பிடித்தார். அக்கா கும்பிட்ட கையோடு முந்தானையை விரித்தாள். ஆனால் பிடித்த பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது அவர் தொழிலில் இல்லை. பிடித்த வேகத்திலேயே முன்னால் இரண்டடி ஓடி, உயரத் தூக்கி வீசிவிட்டார். பழம் வந்த வழியே மேலேறி, வீசிய பெரியவரின் கையிலேயே போய் உட்கார்ந்தது.

தெரு முழுக்கக் கைத்தட்டல். பெரியவர் மட்டும் பழத்தையும் வானத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "என் வேண்டுதலு வேண்டாமாய்யா?" என்று மேலிருந்து அவர் கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அக்கா அழ ஆரம்பித்தாள். அங்கே திறந்துவிடக் குழாய் இல்லை. என் அரைகுறை ஆங்கிலத்தில் பாத்ரிஸிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்: அக்காவுக்குக் குழந்தை இல்லை, பழம் வேண்டும், பிடித்தால் மட்டும் போதாது. "ஹோல்டு! டோன்ட் லீவ்!" என்று கையை மார்போடு சேர்த்து நடித்தும் காட்டினேன்.

அவர் முகம் மாறிவிட்டது. இடுப்புப் பையைத் திறந்து கையுறைகளை எடுத்து மாட்டினார். உள்ளங்கைகளைத் தட்டிக்கொண்டு, கால்களை அகட்டிக் குனிந்து நின்றார். பெனால்டிக்கு நிற்பது போலவே இருந்தது. கூட்டம் ஒதுங்கி இடம் கொடுத்தது. அந்த இடைவெளியில்தான் எதிர்வரிசையில் நின்ற சவரி அண்ணன் எங்களைப் பார்த்தார்.

"கை! கை! அவரு கை!" என்று அலறிக்கொண்டே சாமிக்குக் குறுக்கே ஓடி வந்தார்.

அதற்குள் பெரியவர், இந்த முறை கொஞ்சம் கோபமாகவே, பழத்தை எங்கோ தூரமாக வீசிவிட்டார். பாத்ரிஸ் பாய்ந்தார். ஓர் ஆள் முழு நீளத்துக்கு, தரைக்கு இணையாக, காற்றில். கரும்புச்சாறு வண்டியில் மோதி, சக்கைக் குவியலில் விழுந்து, உருண்டு எழுந்தார். பழம் மார்போடு இருந்தது. ஒரு கீறல் இல்லை. ஒரு மணிக்கட்டு மட்டும் கண்ணெதிரே வீங்கிக்கொண்டிருந்தது. நேராக வந்து அக்காவின் முந்தானையில் பழத்தை வைத்துவிட்டு, "சிஸ்டர்" என்றார். வீசவில்லை, வைத்தார்.

அக்கா அங்கேயே தோலோடு சாப்பிட்டு முடித்தாள். சவரி அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் அவர் என்னிடம் ஒரே வாக்கியம்தான் பேசினார்: "ஆளக் கெடுத்தவன் நீ, நீயே கோல்ல நில்லு."

நின்றேன். எதிரணியான கோட்டுச்சேரிமேட்டுக்காரர்கள் மணலில் ஆடி வளர்ந்தவர்கள். உதைத்தால் பந்து தெரியாது, சத்தம்தான் கேட்கும். பாத்ரிஸ் கட்டுப்போட்ட கையோடு வலைக்குப் பின்னால் நின்று 'லெஃப்ட், ரைட்' என்று கத்தினார். நான் அவர் சொன்ன பக்கமெல்லாம் விழுந்தேன், பந்து போன பிறகு. எங்கள் அணிக்காரரே மெதுவாகத் தட்டிவிட்ட பந்து ஒன்றும் என் கால்களுக்கிடையே நடந்து உள்ளே போனது. பிற்பாதியில் எதிரணிக்காரர்கள் கோல் போட்டுவிட்டு, "மன்னிச்சுக்குங்க அண்ணே" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மைக்கில் கோல் கணக்கு சொன்னவர் ஒரு கட்டத்தில் சொல்வதை நிறுத்திவிட்டுக் காணாமல்போன குழந்தைகளின் பெயர்களைப் படித்தார்.

எனக்கு கோல்களைப் பற்றிக் கவலை இல்லை. பாத்ரிஸின் பெட்டி மட்டுமே கண்ணில் நின்றது. ஆட்டம் முடிந்ததும் அந்த ஏஜென்டைத் தேடிப் போய், "சார், தப்பெல்லாம் என்னுது, அவரு நல்ல பிளேயர்" என்று கிட்டத்தட்ட காலில் விழுந்தேன். அவர் தன் போனைத் திருப்பிக் காட்டினார். யாரோ படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள்: காற்றில் பாத்ரிஸ், கையில் மாம்பழம், பின்னால் ஓடிவரும் சவரி அண்ணன்.

"இது ஞான் பத்து தரம் பார்த்து" என்றார். "கரும்பு வண்டியில மோதியும் மாங்காய விட்டில்லா. பந்து விடுவானோ? கை சரியாகட்டும், வரச் சொல்லு."

பாத்ரிஸ் அன்று என் அறையில்தான் முதல்முறையாகப் பெட்டியை முழுசாகப் பிரித்தார். கை சரியாகும்வரை அக்காதான் அவருக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள்.

அடுத்த வருஷம் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. புதுச்சேரி டாக்டரின் மருந்து என்பார் அத்தான். பாத்ரிஸின் பாய்ச்சல் என்பாள் அக்கா. நான் இரண்டு பேருக்கும் தலையாட்டுவேன். கனி என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் குழந்தை எல்லோர் கையிலும் போய் வந்தது. என் முறை வந்தது. அத்தான் மெதுவாகக் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"குடுங்க, தாய்மாமன்ல" என்றாள் அக்கா. "ஆனா கீழ உக்காரச் சொல்லுங்க."

பாயில் உட்கார வைத்தார்கள். சுற்றிலும் தலையணை அடுக்கினார்கள். சவரி அண்ணன் வலப்பக்கம் குனிந்து தயாராக நின்றார். அக்கா போனில் பாத்ரிஸைக் கூப்பிட்டாள். வேறு ஏதோ நாட்டில், வேறு ஏதோ கிளப்பின் உடைமாற்றும் அறையிலிருந்து அந்தப் பெரிய முகம் தெரிந்தது. என் மடியில் குழந்தையைப் பார்த்ததும் பதறிப்போய், நான் அன்று தெருவில் கத்திய அதே ஆங்கிலத்தில் கத்தினார்:

"ஹோல்டு! டோன்ட் லீவ்!"

என் கண் நிறைந்து எதுவும் தெரியவில்லை. ஆனால் கை அசையவில்லை. என் வாழ்க்கையில் நான் நழுவவிடாமல் பிடித்தது அந்த ஒன்றுதான்.

கனி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். எனக்குக் காப்பி டம்ளரை நீட்டும்போதெல்லாம் (பாதியளவுதான் இருக்கும்) குனிந்து என் முகத்துக்கு நேரே கத்திவிட்டுத்தான் கையை எடுப்பாள்: "மாமா, ஹோல்டு! டோன்ட் லீவ்!"