கோடு போடாத அரைப் பக்கம்

ஆம்பூர் வட்டாரத்திலேயே வெற்றுத் தாளைக் கண்டு பயந்த ஒரே மனிதர் எங்கள் கோடு பாய்தான். ஷூ கம்பெனியில் தோலில் இருக்கும் குறையைச் சுற்றிக் கோடு போடுவது அவர் வேலை. அந்தப் பழக்கம் காகிதத்துக்கும் தொற்றிவிட்டது. எதில் கையெழுத்துப் போட்டாலும், அடியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு கோடு.

வேலூரில் கடைவாய்ப் பல் பிடுங்கப் போனபோது, சம்மதப் படிவத்தில் ‘ஒரு பல்’ என்று எழுதவைத்துக் கோடு போட்டார். “இன்னா பாய் இது?” என்ற நர்ஸம்மாவிடம், “பக்கத்துப் பல்லு என்னை நம்பி இருக்குதும்மா” என்றாராம்.

கிராம சபையில்தான் உச்சம். எங்கள் ஊரில் ஆள் வந்ததும் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். கீழே மிச்சமிருக்கும் இடத்தில் தீர்மானத்தை அப்புறம் சாவகாசமாக எழுதிக்கொள்வார்கள். பாய் விடமாட்டார். எழுதி, உரக்கப் படித்தால்தான் கையெழுத்து.

“வூட்ல சோறு ஆறுது பாய்!” என்று எழுத்தர் கெஞ்சுவார்.

பாய் என் பக்கம் திரும்புவார். “ஓட்டு போட்டா முடிஞ்சுதா தோஸ்த்? நம்ம பேருக்குக் கீழ இன்னா எழுதறாங்கன்னு பார்க்கணும். அதான் ஜனநாயகம்.” நான் கொட்டாவி விடுவேன்.

ஒருமுறை கண் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். அந்த வாரக் கிராம சபையில், ஏரிக்கரையில் தோல் கழிவு கொட்டத் தொழிற்சாலைக்காரர்கள் இடம் கேட்டிருந்தார்கள். கரையை ஒட்டித்தான் அவர் வீட்டுக் கிணறு. அந்தத் தண்ணீரில் போடும் டீக்கு ஈடே இல்லை என்று பீற்றிக்கொள்வார்.

“நீ போய் ஒரு கோடு போட்டுட்டு வா, போதும்” என்றார்.

போனேன். கையெழுத்தும் போட்டேன். வீட்டில் மச்சான் பிரியாணியோடு காத்திருந்தான், கோடு மறந்துபோயிற்று. என் பெயருக்குக் கீழே காலியாக இருந்த அரைப் பக்கத்தில் ‘கழிவு கொட்ட ஆட்சேபணை இல்லை’ என்று தீர்மானம் ஏறியது.

அடுத்த மழைக்குக் கிணற்றில் நுரை. பாய் மனு மேல் மனு கொடுத்தார். “உங்க ஊர்க்காரங்களே கையெழுத்து போட்டிருக்காங்களே” என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஒருநாள் பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்து, எழுத்தரிடம் புத்தகத்தை வாங்கிப் பிரித்தார். நான் பக்கத்தில் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். தீர்மானத்துக்கு அடியில் இரண்டு விரல் இடம் மிச்சமிருந்தது. அங்கே ஒரு கோடு போட்டார்.

“இப்ப எதுக்கு பாய்?”

“உன் பேரு இருக்குதே பா. இன்னும் எதனா எழுதிடப் போறாங்க.”

அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

இப்போது வேலூர் பாகாயத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். நான் போனால் அவரே டீ போடுவார். “கேன் தண்ணிதான், நல்லா இருக்குதா?” என்பார். தலையாட்டிவிட்டுக் கடைசிச் சொட்டுவரை குடிப்பேன். மாதம் ஒருமுறை அந்த டீயைக் குடிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.