மங்கம்மா எந்தச் சுற்றில் இருந்தார்?

ஐம்பதை நெருங்கும் ஆண்களுக்கு ஏதாவது ஒரு கிறுக்குப் பிடிக்கும். சிலருக்கு இயற்கை விவசாயம், சிலருக்கு மாரத்தான். எனக்குப் பிடித்தது ஃபிலிம் கேமரா. அதிலும் மீடியம் ஃபார்மட். அகலமான ஃபிலிம், ரோலுக்குப் பன்னிரண்டே படம். கேமராவை வயிற்றருகே பிடித்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். (குனிந்தால் முதலில் தெரிவது என் தொப்பைதான் என்று யாரும் எச்சரிக்கவில்லை.)

பழையதை வாங்குவது எப்படி என்று மாதக்கணக்கில் வீடியோ பார்த்தேன். லென்ஸில் பூஞ்சை, ஷட்டரில் மந்தம், பின்கதவில் வெளிச்சக் கசிவு. பார்க்கப் பார்க்க ஆசையைவிட பயம்தான் வளர்ந்தது. வீட்டு ஊறுகாய் ஜாடியைக்கூட டார்ச் அடித்துப் பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டேன்.

அரூரில் மாதையன் என்பவரிடம் இரண்டு கேமராக்கள் விற்பனைக்கு இருப்பதாகத் தகவல் வந்தது. முன்பு ஸ்டுடியோ நடத்தியவர். இப்போது அதே இடத்தில் ஜெராக்ஸ் கடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தர்மபுரியில் பஸ் ஏறினோம். மனைவி கலா கூடவே வந்தாள், என் மேல் இருந்த அவநம்பிக்கையால்.

மாதையன் வீட்டு மேசையில் இரண்டும் இருந்தன. ஒன்று பளபளவென்று; மற்றது தோல் உரிந்து. நான் பையிலிருந்து டார்ச், பூதக்கண்ணாடி, பஞ்சு எல்லாம் எடுத்து வரிசையாக வைத்தேன். டீ கொண்டுவந்த மாதையனின் மனைவி மங்கம்மா அதைப் பார்த்துவிட்டு, “சாரு பல் டாக்டருங்களா?” என்று கலாவிடம் கேட்டார்.

பளபளப்பின் லென்ஸுக்குள் பூஞ்சை வேர்விட்டிருந்தது. தோல் உரிந்ததோ படுசுத்தம். “இதுதான்!” என்று மனம் துள்ளியது. உடனே வழக்கம்போல் பயமும் துள்ளியது. பின்கதவு கசிந்தால்? கேமராவின் பக்கவாட்டுச் சின்ன ஜன்னலில் 9 என்ற எண் நின்றிருந்தது. ஏதோ மாடல் நம்பர் என்று நினைத்துக்கொண்டு, கதவைப் படாரென்று திறந்தேன்.

உள்ளே ஃபிலிம் இருந்தது. அந்த 9, அதில் எடுத்த படங்களின் கணக்கு.

(‘முதலில் உள்ளே ரோல் இருக்கிறதா என்று பாருங்கள்’ என்று எல்லா வீடியோவும் முதல் நிமிடத்திலேயே சொல்கிறதாம். முதல் நிமிடத்தைத் தள்ளிவிட்டுப் பார்ப்பது என் வழக்கம்.)

“லைட்ட அணைங்க! லைட்ட அணைங்க!” என்று கத்தினேன். காலை பதினொரு மணி. அங்கே எந்த லைட்டும் எரியவில்லை. கதவை மூடிய பிறகும் பதற்றம் அடங்காமல் கேமராவைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு கட்டிலில் குப்புற விழுந்தேன்.

“ஏங்க, என்னாச்சு? நெஞ்சு வலியா?” கலா ஓடிவந்தாள்.

“உள்ள ரோலு இருக்கு.”

மாதையன் முகம் வெளுத்தது. மங்கம்மா முகம் மலர்ந்தது. அப்போதுதான் கதை வெளியே வந்தது.

“கண்ணாலமான புதுசுல ஒகேனக்கல் கூட்டிட்டுப் போனாரு சார். அங்க என்னையப் போட்டா புடிச்சேன்னாரு. எங்கன்னு கேட்டா ரோலு தொலஞ்சி போச்சாம். ஊரு பொண்ணுங்களயெல்லாம் ஸ்டுடியோல உக்கார வெச்சிப் புடிச்ச மனுசன், வூட்டுல இருக்கறவள ஒரு படம் புடிக்கல. இன்னிக்கி வரைக்கும் இதே சண்டதான். அந்த ரோலாங்க இது?”

மாதையன் துண்டால் முகத்தைத் துடைத்தார். “அதேதான். சுருட்டுன ஃபிலிம்ல உள் சுத்துல இருக்கறது தப்பிச்சிருக்கும். வெளிச்சம் பட்ட மேல் சுத்துதான் போயிருக்கும்.”

“நான் எந்தச் சுத்துல இருக்கேன்?”

மாதையன் காலி டீ டம்ளர்களை அடுக்க ஆரம்பித்தார்.

என் செலவில் கழுவித் தருவதாகச் சொல்லி, ரோலை பெங்களூருக்கு அனுப்பினேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு குடும்பத்தின் தீராத வழக்குக்கு இருந்த ஒரே சாட்சியை நான் வெயிலில் காட்டிவிட்டேனே! போதாததற்கு மங்கம்மா தினமும் போன் செய்தார். “சார், நான் வந்துட்டனா?” அலுவலகத்தில் போன் அடித்தாலே அதை மேசை டிராயருக்குள் போட்டு மூடிவிடுவேன்.

படங்கள் வந்தன. பரிசல், அருவி, மீன் வறுக்கும் கடை, மறுபடி அருவி, ஒரு நாய், பரிசல்காரர். அதற்குமேல் எல்லாம் வெள்ளை வெளேர். எடுத்துக்கொண்டு மறுபடி அரூர் போனோம்.

மாதையன் ஒரு வெள்ளைப் படத்தைத் தொட்டுக் காட்டினார். “பாத்தியா, இங்கதான் நின்ன. மஞ்சப் பொடவ கட்டியிருந்த.”

“எங்கிட்ட மஞ்சப் பொடவயே கெடையாது.”

“அப்ப... வெயிலுக்கு அப்பிடித் தெரிஞ்சிருக்கும்.”

“நாயப் புடிச்சிருக்கீங்க.”

“அது குறுக்க வந்துச்சி.”

மங்கம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் உள்ளே போனதும் மாதையன் என் காதோரம் வந்து, “நீங்க மட்டும் தொறக்கலன்னா நான் செத்தேன் சார்” என்றார். எனக்கு மூச்சு வந்தது. (அந்த ஆள் என் கையைக் குலுக்கிய விதத்தில் நன்றி இருந்தது.)

மூச்சு முழுதாக வருவதற்குள் மங்கம்மா பட்டுப்புடவையில் வந்து நின்றார். “கேமரா வேணும்னா எடுத்துட்டுப் போங்க. அதுக்கு முன்ன புது ரோலு போட்டு அத்தனையும் என்னையே புடிக்கணும். இவரு கையில குடுக்கக் கூடாது.”

பன்னிரண்டும் அவரையே எடுத்தேன். அந்தக் கேமராவில் இடம் வலமாகத் தெரியும். அவரைத் தேடி நான் இடப்பக்கம் நகர்ந்தால் அவர் வலப்பக்கம் ஓடினார். நான்கில் தலை இல்லை. ஒன்றில் மட்டும், ஓரத்தில் கைகட்டி நின்ற மாதையனைப் பார்த்துச் சிரிக்கிறார். அதைத்தான் பெரிதாக்கி, ஜெராக்ஸ் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள்.

என் வீட்டில் நிலைமை வேறு. ஃபிரிட்ஜோ பீரோவோ டிபன் பாக்ஸோ, நான் எதன்மேல் கை வைத்தாலும் சமையலறையிலிருந்து கலாவின் குரல் வரும்: “ஏங்க, உள்ள யாராச்சும் இருக்காங்களான்னு பாத்துட்டுத் தொறங்க.” இப்போது மாமியார் வீட்டிலும் அதையே சொல்கிறார்கள்.

கோபம் வரத்தான் செய்கிறது. ஆனாலும் போன வாரம் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறக்குமுன், யாரும் பார்க்காதபோது, ஒருமுறை குலுக்கிப் பார்த்தேன்.