கூம்புக்காரனும் கதவருகே நின்ற பெண்ணும்

பாட்டுக் கேட்பவர்கள் ஒரு வகை. பாட்டுக் கேட்கும் பெட்டியை என் கையாலேயே செய்வேன் என்று கிளம்புகிறவர்கள் வேறு வகை. இந்த இரண்டாம் வகைக்குப் பாட்டுக் கேட்க நேரமே இருப்பதில்லை. அவர்களிலும் முற்றிப்போன ஒருவரைத்தான் இப்போது அறிமுகப்படுத்தப் போகிறேன். அவர்தான் கூம்புக்காரர்.

கூட்டங்களில் ஒலிபெருக்கி என்று கம்பத்தின் உச்சியில் ஒரு தகரக் கூம்பைக் கட்டியிருப்பார்களே, அதையே மரத்தில், ஓர் ஆள் குனிந்து உள்ளே நுழைகிற அளவில், வீட்டுக் கூடத்துக்குள் செய்து வைப்பவர் இவர். ஒன்று போதாது. இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, "அடுத்து என்ன?" என்ற கேள்விக்குப் பயந்து திரிகிறவர்களை இந்த நோய் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் தலையைத் தட்டிப் பாருங்கள், மரத்தூள் கொட்டும்.

ஒட்டுப்பலகை சும்மா வளையாது. அதன் முதுகில் ரம்பத்தால் வரிவரியாகக் கீறி, வளைத்து, பசை தடவி, காய்கிறவரை நிமிராமல் இருக்க மேலே பாரம் ஏற்ற வேண்டும். பாரத்துக்கு எங்கே போவது? அடுப்பிலிருந்து கேஸ் சிலிண்டரைக் கழற்றி எடுத்து வந்தால் போயிற்று. பசை காய்ந்தால்தான் அன்றைக்கு எங்கள் வீட்டில் பசி தீரும். அப்பாவின் மெத்தை நாற்காலி சத்தத்தைக் குடிக்கிறது என்று நான் கண்டுபிடித்ததிலிருந்து அது குளியலறை வாசலில் கிடக்கிறது. அப்பா அங்கேயே உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார், யாராவது குளிக்கப் போனால் எழுந்து வழிவிடுகிறார். மரக்கடைக்காரர் ஒரு தடவை பலகையை இறக்கிப்போட வந்தவர், கூம்பின் வாய்க்குள் எட்டிப் பார்த்து, "தம்பி, இதுக்குள்ள யாரு குடியிருக்கப் போறா?" என்றார்.

விருந்தாளி வந்தால் கூம்புக்காரருக்கு உற்சாகம். தரையில் சாக்பீஸால் குறியிட்ட இடத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காரவைப்பார்.

"தலையை ஆட்டாதீங்க மாமா. இப்ப எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லாருக்குப்பா."

"என்ன நல்லாருக்கு?"

மாமா பரிதாபமாக வாசலைப் பார்ப்பார். வந்த காரியத்தைச் சொல்லாமலேயே போய்விடுவார்.

என் சோதனைப் பாட்டு அக்காவின் பாட்டு. அவள் எப்போதும் முணுமுணுப்பது. அதில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள், ஒரு பெண் எழுந்து போகிறாள், தாழ்ப்பாளில் கை வைக்கிறாள், குரல் மேலே ஏறுகிறது. அந்த இடத்தில் வலது கூம்பில் லேசாக ஓர் இடி, பலகை அதிர்கிற மாதிரி. உடனே நிறுத்துவேன், ஒரு திருகாணியை முடுக்குவேன், முதலிலிருந்து போடுவேன். மாதக்கணக்கில் அந்தப் பெண் கதவருகே நின்றாள். எதிர்வீட்டுத் தையல்காரம்மா ஒரு நாள் மிஷினை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகக் கத்தினார்:

"தம்பி, அவ கதவைத் திறந்தாளா இல்லையா? எனக்குத் தையல் ஓடமாட்டேங்குது!"

"தெரியலைம்மா. நான் அதுக்குமேல கேட்டதில்லை."

"நல்லா இருக்கு போ!"

இதற்கிடையில் அக்காவுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை புறப்பட வேண்டும். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நான் போறதுக்குள்ள அந்தப் பாட்டை ஒரே ஒரு தடவை முழுசாப் போடுடா."

"போடறேன்க்கா. சின்னதா ஒரு திருத்தம் மட்டும் பாக்கி."

"தொண்டை செஞ்ச, வாய் செஞ்ச. காது எப்ப செய்யப் போற?"

கூம்பின் குறுகிய முனைக்குத் தொண்டை என்றும் அகன்ற முனைக்கு வாய் என்றும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அதனால் திட்டுகிறாள் என்று தோன்றவில்லை. பாடத்தை நன்றாகக் கவனித்திருக்கிறாளே என்று பெருமைப்பட்டேன்.

ஞாயிறும் வந்தது. வாசலில் பெட்டி, தெருவில் கார். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தாள். பாட்டு ஆரம்பித்தது. கதவு தட்டப்பட்டது, பெண் எழுந்தாள், தாழ்ப்பாள், குரல் ஏறியது, இடித்தது. என் கை தானாக நீண்டது. அக்கா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அசையாதே."

அம்மா சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். அப்பா செய்தித்தாளை மடித்தார். கார்க்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் அவரும் அடங்கிவிட்டார். பாட்டு கடைசிவரை போய் முடிந்தது. அக்காவின் கண் கலங்கியிருந்தது.

"எப்படிடா இருந்துச்சு?"

"வலது பக்கம் இன்னும் இடிக்குதுக்கா."

அவள் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். மரத்தூள் பறந்தது. போய்விட்டாள்.

அன்று துணி கொடுக்க வெளியே போயிருந்த தையல்காரம்மா திரும்பி வந்ததும் ஜன்னலுக்கு ஓடி வந்தார். "முழுசாப் போட்டியாமே! திறந்தாளா?"

நான் வாயைத் திறந்தேன். பாட்டு முழுவதையும் கேட்டவன் நான், ஆனால் அந்த இடியைத் தவிர ஒன்றும் என் காதில் விழவில்லை. மெல்ல ஜன்னலைச் சாத்தினேன்.

வெட்கத்தை விட்டு அக்காவுக்கு போன் செய்தேன்.

"என் பக்கத்துல உக்காந்துதானேடா கேட்ட?" என்று சிரித்தாள். பிறகு சொன்னாள். பாட்டைப் பற்றிச் சொன்னாள், புது அறையைப் பற்றி ஏதோ சொன்னாள், நடுவில் கொஞ்சம் நிறுத்தி இன்னும் ஏதோ சொன்னாள். போனில் அவள் குரலில் கனமே இல்லை, மூக்கால் பேசுகிற மாதிரி ஒடுங்கி வந்தது. கையளவு சின்னக் கூம்பு ஒன்றைப் பொருத்தினால் சரியாகிவிடும் என்று யோசித்தேன்.

"நான் சொன்னது கேட்டுச்சாடா?"

"கேட்டுச்சுக்கா. போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடியேன்."

அவள் வைத்துவிட்டாள். எதிர் ஜன்னலுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு என்னிடம் என்ன இருக்கிறது?

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இன்று காலை நீங்கள் கிளம்பும்போது உங்கள் வீட்டில் ஒருவர் வாசல்வரை வந்து ஏதோ சொன்னாரே, அது என்ன? அவர் எப்படிச் சொன்னார், எவ்வளவு சத்தமாகச் சொன்னார், எந்த நேரம் பார்த்துச் சொன்னார் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. என்ன சொன்னார்?

ஞாபகம் வரவில்லையா? பரவாயில்லை, வாருங்கள். நல்ல ஒட்டுப்பலகை கிடைக்கும் கடை ஒன்று எனக்குத் தெரியும்.