முள்ளுப்பூ மூட்டை

புளியமரத்தை வெட்டிச் சாலையில் சாய்த்தது தனசேகரன்தான். இப்போது அவருடைய மருந்து மரத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு நின்றது.

எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகச் சாலை மறியல். கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு வண்டி நகரவில்லை. கல்வராயன் மலையிலிருந்து முள்ளுப்பூ கொண்டுவந்த சடையன், மூட்டையோடு ஜீப்பை விட்டு இறங்கி வெயிலில் நின்றான்.

ஈரல் கெட்டு, தனசேகரன் சில மாதம் முன்பு போய்ப் பார்த்த சேலத்து டாக்டர் அதை ஆர்ட்டிசோக் என்றார். "அந்தப் பூவோட கசப்புச் சத்து ஈரலுக்கு நல்லதுன்னு சொல்றாங்க. ஆனா மொதல்ல சாராயத்த விடணும். விடலைன்னா அடுத்த பொங்கல் பாக்க மாட்டீங்க."

தனசேகரன் காதில் முதல் பாதிதான் ஏறியது. அவர் மனைவி கண்ணகி காதில் மீதியும் ஏறியது. அன்றோடு அவள் தூக்கம் போயிற்று.

அவர் பூவை அவித்து, மிளகுத்தூள் தூவி, சாராயத்துக்குத் தொட்டுக்கொண்டார்.

"இன்னாங்க இது அநியாயம்?"

"அது கெடுக்குது, இது காப்பாத்துது. சரியாப் போச்சு, போடி."

மருந்து இருக்கிற தைரியத்தில் கிளாஸ் ஒன்று கூடியது. கண்ணில் மஞ்சள் ஏறியது. கண்ணகி அடுப்படியில் அழுவது கேட்டும் கேட்காதவர்போல் இருந்தார். உள்ளூர அவருக்கும் பயம்தான்.

"மருந்துப்பா, வழி வுடுங்க" என்று இப்போது மறியல்காரர்களிடம் கெஞ்சினார்.

"ஈ காக்கா போவக்கூடாதுன்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க?" என்றான் கோடாலியோடு நின்ற தமிழழகன்.

"சடையா, கழனி வழியா கொண்டா!"

சடையன் மூட்டையைத் தலையில் ஏற்றி வரப்பில் இறங்கினான். கரும்புக்குள்ளிருந்து போலீஸ் எழுந்தது. மூட்டையை அவிழ்த்தால் பச்சையாய், உருண்டையாய், செதில் செதிலாய்.

"நாட்டு வெடிகுண்டு!" என்று கத்திய ஏட்டு பிச்சைமுத்து, அத்தனையையும் வாளித் தண்ணீரில் போட்டார்.

தனசேகரன் ஓடினார். "ஐயோ, அது என்னோடதுங்க!"

சடையனை விட்டுவிட்டு இவரைப் பிடித்தார்கள். தின்கிற பொருள்தான் என்று காட்ட ஒரு பூவை எடுத்துப் பச்சையாகவே கடித்தார். முள் நாக்கில் ஏறியது. அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் பதில் வரவில்லை.

"வாயே தொறக்க மாட்டேங்கறான், பெரிய ஆளுதான்" என்று வேனில் ஏற்றினார் இன்ஸ்பெக்டர்.

அது காய்கறிதான் என்று மேலிடத்திலிருந்து பதில் வருவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சிறையிலிருந்து வந்தவருக்குக் கண் வெளுத்திருந்தது, பசி எடுத்தது. ஈரல் தேறுகிறது என்றார் டாக்டர். கண்ணகி சாமி படத்துக்கு முன்னால் நின்று அழுதாள்.

மறுநாள் டீக்கடையில் பிச்சைமுத்துவைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா ஏட்டய்யா? முள்ளுப்பூ எப்பிடி வேலை செஞ்சிகீது! உசுர காப்பாத்திடுச்சி!"

பிச்சைமுத்து கிளாஸைக் கீழே வைத்தார்.

"பூ இல்லீங்க. 'மூட்டையில குண்டு வருது, எங்க வூட்டுக்காரரோடதுதான், சீக்கிரம் வுட்டுடாதீங்க'ன்னு ஸ்டேஷனுக்கு வந்து அழுதாங்களே, உங்க வூட்டம்மா, அவுங்கதான்."