பிரிட்ஜ் கதவில் ஒட்டிய நேரசூசி

மவுண்ட் ரோஸ்கில், ஒக்லாந்து
16.11.1997

பேரன்புக்குரிய மச்சான் ரவிசங்கர் அவர்கட்கு,

இங்கு நானும் பத்மாவதியும் மகள் பிரணவியும் முருகன் அருளால் சுகம். பத்மாவதியின் இடது முழங்கால் மட்டும் இந்த ஈரக் குளிருக்கு ஒத்துவரவில்லை. அங்கு டென்மார்க்கில் நீரும் என் தங்கை கல்யாணியும் மருமகள் ராகவியும், முழங்கால் உட்பட, சகல சுகத்துடன் இருக்க வேண்டுகிறேன்.

உமது கடிதம் கிடைத்தது. ராகவி படிக்கும் ஆசிரியர் கல்லூரி அவளை மூன்று மாதம் போர்த்துக்கலுக்கு அனுப்பப் போகிறதென்றும், அங்கே முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு தங்கிப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துப் பழகவேண்டுமென்றும், ஐரோப்பா முழுக்க ஆசிரியராக வரப்போகிற பிள்ளைகளை இப்படி நாடு மாற்றி அனுப்பி மற்றவர்களின் பண்பாட்டைப் படிக்கவைக்கிறார்களென்றும் எழுதியிருந்தீர். சாவகச்சேரியில் பத்தொன்பது வருஷம் கணக்குப் படிப்பித்த நீங்களே அனுப்புவதா விடுவதா என்று சொல்லுங்கோ என்றும் கேட்டிருந்தீர். நானூறு வருஷத்துக்கு முன் போர்த்துக்கீசர் எங்கள் பக்கம் வந்தபோது ஒருத்தரிடமும் கையெழுத்துக் கேட்கவில்லை. எங்கள் பிள்ளை அங்கே போவதற்கு ஏழு பக்கப் படிவமும் தகப்பன் கையெழுத்தும் கேட்கிறார்கள். அது கிடக்கட்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அனுப்ப வேண்டாம். காரணத்தை ஆறுதலாக வாசியும், ஏனென்றால் அந்த மாதிரி ஒரு பிள்ளை செப்டெம்பரில் ஒரு கிழமை முழுக்க எங்கள் வீட்டில் தங்கிவிட்டுப் போனது.

பெயர் கிர்ஸ்தி, ஊர் பின்லாந்து, வயது இருபத்திரண்டு. அந்த ஐரோப்பியத் திட்டத்தில் ஆறு பேரை இங்குள்ள ஆசிரியர் கல்லூரி மூன்று கிழமைக்குக் கூப்பிட்டிருந்தது. பிறநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில் ஒவ்வொருவரையும் ஒரு கிழமை தங்கவைத்து, கடைசி வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர்கள் தங்கள் அறிக்கையை எல்லார் முன்னும் வாசிக்க வேண்டும். இதை நடத்தியவர் டொனெல்லி என்ற விரிவுரையாளர் அம்மா. வெளிநாட்டு ஆசிரியர்களுக்கான ஒருவருஷப் பயிற்சிக்கு ஆள் தெரிவுசெய்வதும் அதே அம்மாதான். போன வருஷம் நான் அதற்கு விண்ணப்பித்து, "இந்நாட்டு வகுப்பறைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வாரா என்பது தெளிவில்லை" என்று பதில் வந்ததை உமக்குச் சொல்லவில்லை, வெட்கத்தில் சொல்லவில்லை. நியூ லின்னில் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் நான் பெட்டி அடுக்குகிறேன் என்பதைக்கூட ஏதோ மேற்பார்வை வேலை என்றுதான் உமக்கு எழுதியிருந்தேன். இந்த வருஷம் இரண்டாம் தரம் விண்ணப்பம் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் விருந்தாளி வந்தாள். நான் கணக்கு வாத்தியார் அல்லவா, உடனே கணக்குப் போட்டேன். பிள்ளை எங்கள் குடும்பத்தைப் பற்றி எழுதும், அம்மா வாசிப்பார், எங்கள் பண்பாடு நிமிர்ந்து நின்றால் என் விண்ணப்பமும் நிமிர்ந்து நிற்கும். தொழிற்சாலையில் ஒரு கிழமை லீவு எடுத்துக்கொண்டு பண்பாட்டுக்கு ஒரு நேரசூசி தயாரித்தேன். காலை ஆறுக்குத் தேவாரம், எல்லாரும் எழும்பி நிற்க. அப்பா வேட்டியில். அப்பா வந்தால் பிரணவி ரிவியை நிறுத்தி எழும்பவேண்டும். சாப்பாடு நிலத்தில் இருந்து, வாழை இலையில், அப்பா முதல், அம்மா பிறகு. புதன் நாலரைக்குக் கோலத்தின் தத்துவம், விளக்குபவர் அப்பா. விருந்தாளிக்கு விளங்கக்கூடாதென்று சுத்தத் தமிழில் எழுதிப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். பத்மாவதி அதை வாசித்துவிட்டு, இந்த வீட்டில் குடியிருக்கும் ஆள் ஆர் என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் எழுத ஏரோகிராம் போதாது, அதனால்தான் இந்தக் கொப்பித்தாள். இங்கே வாழை இலைக்கு எங்கே போவது? பக்கத்துவீட்டு நரேந்திரா பீஜிக்காரர், பின்வளவில் வாழை வைத்திருக்கிறார். நாலு இலை வெட்டித் தந்தவர் தந்ததோடு நில்லாமல் பின்னாலேயே வந்து, நாலு வருஷத்தில் இந்த மனுசனை வேட்டியோடு இண்டைக்குத்தான் காண்கிறேன் என்று கிர்ஸ்திக்கு இங்கிலிஷில் சொல்லிவிட்டுப் போனார். நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தவனுக்குச் சாப்பிட்டு முடிய எழும்ப முடியவில்லை. பின்லாந்துக்காரிதான் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். பிள்ளை அதிகம் கதைக்காது. கதைக்காத பிள்ளையைப் பார்த்த பயத்தில் நான் இரண்டு மடங்கு கதைத்தேன். எல்லாவற்றிலும் பெரிய கொடுமை சாப்பாடு. பத்மாவதி முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து நாலரைக்குத்தான் வருவாள், ஆகவே இந்த வீட்டில் சமையல் நான், அது மூன்று வருஷப் பழக்கம். நேரசூசிப்படி அதைக் காட்டமுடியுமா? கிர்ஸ்தி படிப்பித்துப் பழகப் போன பள்ளிக்கூடத்தால் வருவதற்குள் யன்னல்களைத் திறந்துவைத்து நண்டுக் குழம்பு வைத்து, சட்டியை மூடிவிட்டு, வேட்டியைக் கட்டிக்கொண்டு ஒன்றும் அறியாதவன் மாதிரி இலைக்கு முன்னால் இருப்பேன். வேலையால் களைத்து வந்த பத்மாவதி எனக்குப் பரிமாறுவாள். கிர்ஸ்தி ஒருவாய் வைத்துவிட்டு, இவ்வளவு ருசியான கறியைத் தான் சாப்பிட்டதில்லை என்று பத்மாவதியைப் புகழும். அவளும் கொஞ்சங்கூடக் கூசாமல், இன்னும் கொஞ்சம் போடட்டோ என்று கேட்பாள். என் குழம்புக்கு நான் ஒரு சொல் சொல்லமுடியாமல் இருந்தேன், மச்சான்.

புதன்கிழமை மட்டும் நேரசூசி பிசகியது. பிள்ளை முகம் வெளிறிப்போய் வந்தது. அடுத்தநாள் பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னம் படிப்பிக்க வேண்டும், தன் இங்கிலிஷைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்று பயம். நான் கோலத்தை மறந்துபோனேன். வேட்டியையும் மறந்துபோனேன், காற்சட்டையோடுதான் நின்றேன். தொழிற்சாலைப் பாண் ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, நான் பிள்ளையாக இருக்கிறேன், நீ படிப்பி என்று சொன்னேன். வெட்டினோம், பிரித்தோம், பிழையாக வெட்டினோம், பிழை ஏன் பிழை என்று கதைத்தோம். சொல் வராத இடத்தில் கத்தியைக் காட்டு, பாணைக் காட்டு, பிள்ளைகளே சொல்லைத் தருவார்கள் என்றேன். ஆறு மணியானது தெரியவில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு எனக்கு அன்றைக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. பிறகு நேரசூசியைப் பார்த்துத் திடுக்கிட்டு ஓடிப்போய் வேட்டி கட்டினேன்.

வெள்ளி வந்தது. மண்டபத்தில் நாங்கள் மூவரும் முன்வரிசையில், நான் கோட்டோடு. கிர்ஸ்தி எழும்பி மெல்லிய குரலில் வாசித்தாள். இந்தக் குடும்பத்தில் தந்தை முதலில் உண்பார், தாய் பரிமாறிய பின் உண்பார். தந்தை வந்தால் மகள் எழுந்து நிற்பாள். தந்தை பேசுவார், மற்றவர் கேட்பர். ஒவ்வொரு வரியும் நான் எழுதிய வரி. அதை அந்த மண்டபத்தில் கேட்டபோதுதான் மற்றவர் காதில் அது எப்படி விழும் என்று எனக்கு விளங்கியது. டொனெல்லி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஏதோ குறித்தார். என்ன குறித்திருப்பார் என்று எனக்குத் தெரியும், போன வருஷமும் அதைத்தானே எழுதி அனுப்பினார். என் கையாலேயே என் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டேன் என்று இருந்தது. எழும்பி, இதெல்லாம் நடிப்பு என்று சொல்லலாமா? சொன்னால் பொய்யன், சொல்லாவிட்டால் கொடுமைக்காரன்.

அப்போது கிர்ஸ்தி தாளை மடித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள். இது முதல் பக்கம், இரண்டாம் பக்கமும் உண்டு என்றாள். வீட்டுக்காரர் எதைக் காட்ட விரும்புகிறாரோ அதை முதலில் எழுதவேண்டும், அது அவர் தருவது. நாமாகக் கண்டது அவருடைய சொத்து, அதை அவரிடம் கேட்காமல் வாசிக்கக்கூடாது என்று தங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருக்கிறார்களாம். "மிஸ்டர் ஆனந்தராசா, நான் வாசிக்கலாமா?"

மச்சான், பத்தொன்பது வருஷம் நான் வகுப்பில் பிள்ளைகளின் மார்க்ஸை வாசித்திருக்கிறேன். முட்டை எடுத்தவனையும் எழுப்பி நிறுத்தி உரத்து வாசித்திருக்கிறேன். ஒரு பிள்ளையிடமாவது, வாசிக்கட்டா என்று கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றியதே இல்லை. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை என்னைக் கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் நான் பத்மாவதியைப் பார்த்தேன்.

"ஓமெண்டு சொல்லுங்கோ," என்றாள். "எனக்குக் கறி வைக்கத் தெரியாதெண்டு எல்லாருக்கும் தெரியட்டும்."

நான் தலையாட்டினேன். இரண்டாம் பக்கத்தில் முதல் வரியே, செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் நேரசூசியை வாசித்து வருகிறேன் என்பதுதான். எங்கள் பிரணவிக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். எந்நேரம் எழும்பவேண்டும் என்று மறந்துபோகுமென்று தாயிடம் கேட்டு ஒவ்வொரு வரிக்குக் கீழும் பென்சிலால் இங்கிலிஷில் எழுதி வைத்திருக்கிறாள். நான் மூக்குக்கண்ணாடி இல்லாமல் பிரிட்ஜ் திறக்கிறவன், காணவில்லை. மண்டபம் சிரித்தது, நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. கிர்ஸ்தி தொடர்ந்து வாசித்தாள். விடிய ஐந்தரைக்கு மனைவியின் வேலைச் சீருடையை ஸ்திரி போடுபவர் இவர். நண்டு வாசம் வருவது இவருடைய சேட்டில். இந்நாட்டுப் பிள்ளைகளோடு எப்படிக் கதைப்பது என்று ஒவ்வொரு பின்னேரமும் மகளிடம் பாடம் கேட்கிறார், குரலை உயர்த்தினால் மகள் மேசையில் தட்டுவாள், அவர் திரும்பத் தொடங்குவார். புதன்கிழமை ஒரு பாணை வைத்துக்கொண்டு எனக்குப் படிப்பித்தார், அந்த வீட்டில் நான் ஒரு ஆசிரியரைக் கண்டது அன்றைக்குத்தான். அவ்வளவுதான் எழுதியிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பத்மாவதி தன் லேஞ்சியைத் தந்தாள். டொனெல்லி அம்மா முந்திக் குறித்ததைக் கோடு கீறி வெட்டுவதை நான் கண்ணால் கண்டேன்.

இப்போது விளங்குகிறதா, ஏன் ராகவியை அனுப்பவேண்டாம் என்கிறேன் என்று? போர்த்துக்கலில் ஏதாவது நடந்துவிடும் என்று அல்ல. அங்கே ஆரோ ஒரு வீட்டுக்காரன் பிரிட்ஜில் ஒட்டியதை வாசிக்கப் பழகிக்கொண்டு மூன்று மாதத்தில் உமது வீட்டுக்குத் திரும்பி வருவாள். நீர் என்னத்தை ஒட்டி வைத்திருக்கிறீரோ எனக்குத் தெரியாது, அவள் வாசித்துவிடுவாள். அதைவிட, வாசிக்கலாமா அப்பா என்று உம்மைக் கேட்பாள். அதைத் தாங்க நெஞ்சு வேண்டும். ஆகவே வேண்டாம், இது மூத்தவன் சொல்.

கல்யாணிக்கு என் அன்பும், ராகவிக்கு எங்கள் எல்லாரின் ஆசீர்வாதமும். நல்லூரான் உங்களை ஒரு குறையுமின்றிக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உமது மைத்துனன்
வே. ஆனந்தராசா

பி.கு.: ஒன்றை மறைத்துவிட்டேன். ராகவி ஓகஸ்டிலேயே எனக்கு ரெலிபோன் எடுத்தாள். அந்த ஏழு பக்கத்தில் ஆறாம் பக்கம், அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரின் பரிந்துரை. நான் எழுதி, கையெழுத்துப் போட்டு, அன்றைக்கே தபாலில் சேர்த்துவிட்டேன். ஆகவே மேலே உள்ளதைக் கல்யாணிக்குக் காட்டி, அண்ணர் மறுத்தும் முடிவு என்னுடையது என்று சொல்லி உமது மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டு, தகப்பன் கையெழுத்தைப் போட்டுவிடும். பரிந்துரையில் 'தொழில்' என்று கேட்ட இடத்தில் 'ஆசிரியர்' என்று எழுதினேன். பாண் பெட்டி அடுக்குகிற கையாலேயே அதை எழுதினேன். நேற்றுக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது, பெப்ரவரியில் எனக்குப் பயிற்சி தொடங்குகிறது. போவதற்கு முன் ராகவியை ஒருதரம் கதைக்கச் சொல்லும். முதல்நாள் வகுப்புக்கு நான் என்ன உடுத்திக்கொண்டு போவது என்று அவளிடம் கேட்கவேண்டும்.