ரொட்டி மாவில் பதிந்த எஞ்சின் நம்பர்

பெண் கேட்கப் போகிறவன் வாயை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். நான் என் வாயையும் கூட்டிக்கொண்டு றக்வானையில் பஸ் ஏறினேன்.

சாந்திக்குக் கஹவத்தையில் தபாலக வேலை. அவளுடைய அப்பா தோட்டத்து டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரே மகள், ஒரே கார். மைனர் என்கிற பழைய இங்கிலீஷ் கார், ஏற்றத்தில் திணறும்; அத்தையின், அதாவது சாந்தியின் அம்மாவின், தம்பியிடம் வாங்கியது. அவர் தலையாட்டினால்தான் எங்களுக்குக் கல்யாணம்.

நான் போனபோது மாமா பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு கவலையாக நின்றார். இரத்தினபுரியில் பழைய கார்களின் ஊர்வலமாம். அந்தக் காருக்கு உரிய எஞ்சின்தான் உள்ளே இருக்கிறது என்று காட்டினால்தான் சேர்ப்பார்களாம். அதற்கு எஞ்சின் பிளாக்கில், இரும்பை வார்க்கும்போதே புடைத்து நிற்கிற நம்பர் வேண்டும்.

"தம்பிக்கு இதப்பத்தி ஏதாச்சும் தெரியுமா?"

"இதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு மாமா!" (பஸ்ஸில் பார்த்த ஒரு வீடியோ. அதுவும் பாதி.)

நம்பர் பிளாக்கின் பின்பக்கம் ஓர் இடுக்கில் இருந்தது. கை போகும், தலையும் போகாது, போனும் போகாது. விரலால் தடவிப் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (செய்யாமலே இருந்திருக்கலாம்.)

"அத்தை, கொஞ்சம் ரொட்டி மா தாங்க! தேங்காப்பூ போடாம!"

மாவை உள்ளே விட்டு அழுத்தி எடுத்தேன். 1801 என்று பளிச்சென்று பதிந்திருந்தது. மாமா என்னைப் பார்த்த பார்வையில் பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டது.

அவர்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. கோயில் வளைவுக்கு ஓடிப்போய் போனில் தேடினேன். திரும்பி வந்து, பெரிய நிபுணன் மாதிரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னேன்:

"மாமா, இது கார் எஞ்சினே இல்ல. போட் எஞ்சின்! அதான் ஏத்தத்துல திணறுது."

மாமா குருவிட்டைப் பக்கம் திரும்பி நின்று கத்தினார். கார் விற்ற மச்சானின் ஊர் அதுதான். "அடப்பாவி! கடல்ல ஓடுறதயா எந்தலையில கட்டின?"

அத்தை அகப்பையோடு வெளியே வந்தார். "எந்தம்பியக் கள்ளன்னு சொன்ன வாய்க்கு இன்னைக்கு இந்த வீட்ல சோறு கெடயாது!"

மாமா படியில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"இந்த வீட்ல இப்பக் கல்யாணம் ஒண்ணுதான் கொறச்சல்," என்றார். "போய்ட்டு வாங்க தம்பி."

நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சாந்தி வேலை முடிந்து வந்தாள். கதையைக் கேட்டாள். மாவை வாங்கிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், பக்கத்து லயத்து வீடுகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"லூசு! சீல் கட்டைய நீங்க பாத்ததே இல்லையா? அழுத்தி எடுத்தா எல்லாம் இடம் வலமாத்தானே வரும்? 1801 இல்ல, 1081!"

ஒன்று, எட்டு, சைபர். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே முகம். வேறெந்த இலக்கம் இருந்திருந்தாலும் எனக்கே தெரிந்திருக்கும். (மாமா இதை இன்றுவரை நம்பவில்லை.)

நாலு பேரும் கோயில் வளைவுக்கு ஓடினோம். 1081 அசல் மைனர் எஞ்சின்! மாமா நடுரோட்டில் குதித்தார். "ஒந்தம்பி தங்கம்டி!" என்று அத்தையின் கையைப் பிடித்தார். எனக்கும் ஆனந்தம் தாங்கவில்லை, நானும் குதித்தேன்.

குதித்து முடித்ததும் மாமா என் பக்கம் திரும்பினார்.

"பொண்ணத் தாறேன் தம்பி. அவதான் ஒங்களப் பாத்துக்கணும். ஆனா எங்கார் பானெட்டத் தொட்டீங்க, கை இருக்காது."

ஊர்வலத்தில் மைனர் ஜம்மென்று போனது. நான் பின்னால் பஸ்ஸில் போனேன்.

போன வருடம் எங்களுக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்த மாமாவிடம் மூச்சிரைக்க ஓடினேன்.

"மாமா! பொம்பளப் புள்ள! மூணு கிலோ!"

மாமாவுக்கு முகமெல்லாம் பல். ஆனால் சட்டென்று நின்றார்.

"தராசப் பாத்தது யாரு? நீங்களா?" என்று கேட்டுவிட்டு, நர்ஸைத் தேடி உள்ளே போனார்.