நூற்றுக்கு ஒன்று வட்டி

இனி சம்பளத்தை நம்பிப் பிழைப்பதில்லை என்று முடிவு செய்தேன். கூரியர் ஆபீஸில் இருபது வருஷமாக எடை போட்டுப் போட்டு என் முதுகே ஒரு பார்சல் மாதிரி ஆகிவிட்டது. பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீடு விலைக்கு வந்தது. வாங்குவது, பழுது பார்ப்பது, நாலே மாதத்தில் விற்பது. கையிருப்பு போதாது. கடன் வேண்டும்.

இரண்டு இடத்தில் விசாரித்தேன். ஒருவர் மாதம் நூற்றுக்கு ஒன்று வட்டி என்றார். இன்னொருவர் ஒன்றரை. எது மலிவு என்று கண்டுபிடிக்க எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இருவரின் கடன் தாள்களையும் வாங்கிவந்து, மலிவானதில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன்.

மருந்துக் கடையில் கேஷியராக இருக்கும் என் மனைவி, வேலை விட்டு வந்தவள், தோள் பையைக்கூட இறக்காமல் தாள்களை வாங்கிப் பார்த்தாள்.

"நாலு மாசத்துக்கு எவ்வளவு ஆகும்?"

"நூத்துக்கு நாலு. இதுகூடத் தெரியாதா?"

"கடைசிப் பக்கம் படிச்சீங்களா?"

"எழுத்து ரொம்பப் பொடிசு..."

"எப்ப அடைச்சாலும் ஆறு மாச வட்டி கட்டணுமாம். அது ஆறு. கடன் குடுக்கும்போதே பிடிச்சுக்கிற கட்டணம் மூணு. வீட்டுக்கு மதிப்புப் போட ஒண்ணு. கணக்கை முடிக்க ரெண்டு. மொத்தம்?"

எனக்கு விரல் போதவில்லை.

"பன்னெண்டுங்க. அந்த ஒன்றரைக்காரருக்கு நாலு மாச வட்டி ஆறு, கட்டணம் ஒண்ணு. ஏழோட விட்டுடறார்."

"ஆனா இவர்கிட்ட வட்டி கம்மியாச்சே!"

"வட்டி கம்மிதான். வாட்டி எடுத்துடுவார்."

பேனாவை மூடினேன்.

மறுநாள் ஒன்றரைக்காரரிடம் போனோம். என் சம்பளச் சீட்டைப் பார்த்து இருமினார். அவளுடையதைப் பார்த்து நாற்காலி போட்டார். கடன் அவள் பேரில். ஆகவே வீடும் அவள் பேரில். கூலி மிச்சமானால் லாபம் என்று சொல்லி, சுவர் சுரண்டும் வேலையை என்னிடம் கொடுத்தாள்.

தினமும் ஆபீஸ் விட்டதும் சுரண்டினேன். ஞாயிறெல்லாம் பெயின்ட் அடித்தேன். குழாய் ரிப்பேர்காரர் என்னைக் கூலியாள் என்று நினைத்து, "ஏய், அந்த ஸ்பானரை எடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். சண்டை போடத் தெம்பில்லை.

நாலாம் மாதக் கடைசியில் வீடு நல்ல விலைக்குப் போனது. கடன் போக மிச்சமும் நின்றது. கட்டிலில் சாய்ந்தபடி கேட்டேன்.

"ஆபீஸுக்கு ராஜினாமா எழுதிடட்டுமா?"

"அவசரப்படாதீங்க. அந்தப் பணத்தை அட்வான்ஸா குடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"அடுத்த வீட்டுக்கு. இதுல மாடியும் இருக்குங்க. வெளியில புது ஏணி சாத்தி வெச்சிருக்கேன், உள்ள எடுத்து வைங்க."